புதிய பொதியில் தொடங்கலாமா?

டெபியன் இயங்குதளத்துக்கு மென்பொருள் பொதி கட்டக் கற்க வேண்டும் என்று காலையில் உட்காரும் ஒருவர், மாலைக்குள் ஒன்றைக் கட்டி முடித்துவிட முடியும். ‘டெப்’ கோப்பின் அமைப்பு எளிமையானது. பழைய யூனிக்ஸ் காலத்து ‘ஏஆர்’ காப்பகம்தான் அது; உள்ளே மூன்று உறுப்புகள். முதலாவது, வடிவத்தின் பதிப்பு எண்ணை மட்டும் சொல்லும். இரண்டாவதில் பொதியின் பெயர், பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள் முதலிய விவரங்கள். மூன்றாவதில் கணினியில் போய் அமர வேண்டிய கோப்புகள். மூலநிரலின் பக்கம் வந்தால், ‘டெபியன்’ என்று ஓர் அடைவு. அதற்குள் முக்கியமாக கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் என்று நான்கு கோப்புகள். ஒரு காலத்தில் ரூல்ஸ் கோப்பை எழுதுவதற்கே மேக்ஃபைல் நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. 2008-இல் ஜோயி ஹெஸ் தம்முடைய டெப்ஹெல்ப்பர் கருவித்தொகுப்பில் ‘டிஎச்’ கட்டளையைச் சேர்த்த பிறகு, பெரும்பாலான பொதிகளுக்கு அந்தக் கோப்பு மூன்று நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது.

இந்த எளிமை வரவேற்கத்தக்கதே. ஆனால் தொடக்கநிலையாளரைத் தவறான இடத்தில் இறக்கிவிடுவதும் இதுதான். ஒரு டெப் கோப்பு உருவாகிவிட்டால் பொதியாக்கம் கைவந்துவிட்டது என்று அவர் நம்புகிறார். அடுத்து என்ன செய்வார்? களஞ்சியத்தில் இதுவரை இல்லாத மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடிப்பார். அதற்கு ஒரு புதுப் பொதி கட்டுவார். யாராவது அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று காத்திருப்பார். பெரும்பாலான பாடநூல்களும் பட்டறைகளும் இந்த வரிசையிலேயே அவரை நடத்துகின்றன. அந்த வரிசை சரிதானா, சரியில்லை என்றால் எந்த வரிசை சரி என்பதே இங்கே எடை போட வேண்டிய கேள்வி.

எடை போடுவதற்கு அளவுகோல் வேண்டும். பொதியாளரின் வேலை எது என்பதிலிருந்துதான் அதைப் பெற முடியும். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-இல், அதாவது ட்ரிக்ஸியில், 69,830 பொதிகள் இருந்தன. நிலைப் பதிப்புக்குள் ஒரு பொதி நுழைந்துவிட்டால் அதற்கு மூன்று ஆண்டு வழக்கமான ஆதரவு, பிறகு இரண்டு ஆண்டு நீள்கால ஆதரவு என்று ஐந்து ஆண்டுகள் அது பிறர் கணினிகளில் ஓடும். பொதியை நிறுவும்போது அதற்குள் இருக்கும் நிறுவல் நிரல்கள் ரூட் அதிகாரத்தோடு இயங்கும். ஆகவே தன்னைப் பார்த்தேயிராத ஒருவரின் கணினியில் முழு அதிகாரத்தோடு நிரலை ஓட்டவும், ஆண்டுக்கணக்கில் அதைப் பேணவும் பொறுப்பேற்பவரே பொதியாளர். கட்டுவது அந்தப் பொறுப்பின் முதல் மணி நேரம் மட்டும். ஒரு தொடக்கப் பாதை நல்லதா என்று கேட்டால், நான் மூன்றைப் பார்ப்பேன். பிறர் எழுதிய நிரலைப் படித்து ஐயப்பட அது பழக்குகிறதா? தன் வேலையை இன்னொருவர் வாசித்துத் திருத்தும் நிலையில் கற்பவரை நிறுத்துகிறதா? முதல் உற்சாகம் வடிந்த பிறகும் அவர் செய்தது யாருக்காவது பயன்படுகிறதா? எவ்வளவு விரைவில் ஒரு கோப்பு கையில் கிடைக்கிறது என்பதற்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன்.

இந்த அளவுகோல் வெறும் கொள்கைப் பேச்சு என்று யாருக்காவது தோன்றினால், இரண்டு நிகழ்வுகளை அவர் முன் வைக்கலாம்.

முதலாவது 2006-இல் நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தை வேல்கிரைண்ட் என்ற சோதனைக் கருவியில் ஓட்டினால், தொடக்க மதிப்பு கொடுக்கப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுகிறது என்று எச்சரிக்கை வந்தது. டெபியன் பொதியில் அந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அதில் ஒரு வரியை நீக்கியதால் பெரிய தீங்கு இல்லை. மற்றொரு வரிதான் மறைக்குறியீட்டுச் சாவிகளுக்குத் தேவையான தற்செயல் தன்மையை உள்ளே ஊட்டிக்கொண்டிருந்தது. அது போனதும் எஞ்சியது நிரலோட்டத்தின் அடையாள எண் மட்டுமே; அந்த எண்ணுக்கு இருந்த உச்சவரம்பு 32,768. அதாவது ஒரு வகைக் கணினியில் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள சாவியாக வரக்கூடியவை ஏறத்தாழ அத்தனைதான். ஒரு மடிக்கணினியில் எல்லாவற்றையும் வரிசையாக உருவாக்கி முயன்று பார்த்துவிடலாம். 2007-இல் வெளியான டெபியன் 4.0-இலும், டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும் இந்தக் குறை போய்ச் சேர்ந்தது. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. உலகெங்கும் நிர்வாகிகள் எஸ்எஸ்எச் சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்ற வேண்டி வந்தது.

அந்தப் பொதியாளர் அலட்சியமாக நடந்துகொண்டார் என்று சொல்வது நியாயமாகாது. மாற்றத்துக்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களின் மடலாடற்குழுவில் கேட்டார். சாதகமான பதிலும் வந்தது. ஆனால் முழுத் திருத்தத்தையும் மூலத் திட்டத்துக்கு அனுப்பி, அவர்கள் வரி வரியாகப் படித்து, தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும்வரை காத்திருக்கும் பழக்கம் அங்கே இல்லை. திருத்தம் டெபியனுக்குள்ளேயே தங்கிவிட்டது. அங்கே அதைப் படித்துப் பார்க்க இன்னொரு கண் இல்லை.

இரண்டாவது நிகழ்வு 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் நிலையற்ற பதிப்பில் எஸ்எஸ்எச் நுழைவு அளவுக்கு மேல் செயலியை உறிஞ்சுவதையும், வேல்கிரைண்ட் பிழை காட்டுவதையும் கவனித்தார். தேடிக்கொண்டு போனவர் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் வைக்கப்பட்டிருந்த பின்கதவில் போய் நின்றார். பாதிக்கப்பட்டவை 5.6.0, 5.6.1 என்ற இரு பதிப்புகள். பின்கதவை இயக்கிய ஒரு துண்டு, கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்காகத் தயாரித்த டார் கோப்பில் மட்டும் இருந்தது. பொதியாளர்கள் எடுத்துக் கட்டுவது அந்த டார் கோப்பைத்தான். டெபியனில் எஸ்எஸ்எச் வழங்கி நேரடியாக எக்ஸ்இசட் நூலகத்தைத் தொடுவதில்லை. சிஸ்டம்-டி-க்குத் தகவல் சொல்வதற்காக விநியோகங்கள் சேர்த்த ஒரு திருத்தம் அதை லிப்சிஸ்டம்-டி நூலகத்தோடு இணைத்தது. அந்த நூலகம் எக்ஸ்இசட்-ஐ இழுத்து வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச் திட்டத்தின் மூலநிரலில் அந்த இணைப்பே கிடையாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்கதவின் நிரல், தான் கட்டப்படும் இடத்தில் ‘டெபியன்’ அடைவுக்குள் ‘ரூல்ஸ்’ என்ற கோப்பு இருக்கிறதா, அல்லது ஆர்பிஎம் பொதி கட்டப்படுகிறதா என்று பார்த்த பிறகே தன் வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு தொடக்கநிலையாளரும் முதல் நாள் எழுதும் அதே ரூல்ஸ் கோப்பு.

இரண்டிலும் வேல்கிரைண்ட் எச்சரித்தது. 2006-இல் எச்சரிக்கையின் வாய் அடைக்கப்பட்டது. 2024-இல் ஒருவர் அந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து போனார். பொதியாக்கம் கற்பவர் முதலில் பெற வேண்டியது இரண்டாவது மனிதரின் பழக்கத்தை. கேள்வி இப்போது கூர்மையாகிறது: இன்றுள்ள பாதைகளில் எது அந்தப் பழக்கத்தைத் தருகிறது?

ஆவணங்களிலிருந்து தொடங்குவோம். டெபியனில் நெடுங்காலம் ஆண்ட நூல், யோசிப் ரோடின் தொடங்கிய புதிய பராமரிப்பாளர் வழிகாட்டி. அதன் இடத்தில் இப்போது இருப்பது ஒசாமு ஆவோகி எழுதிய பராமரிப்பாளர் வழிகாட்டி. உழைப்பும் விரிவும் நிறைந்த ஆவணம் அது. ஷெல், மேக்ஃபைல், பைதான், ஆட்டோடூல்ஸ், சிமேக் என்று ஒவ்வொரு கட்டுமான முறைக்கும் உதாரணம் உண்டு. ஆனால் எல்லா உதாரணங்களும் ‘டெப்ஹலோ’ என்ற கற்பனை நிரலைச் சுற்றியே வருகின்றன. டெப்ஹலோவுக்குப் பயனர் இல்லை, வழு அறிக்கை இல்லை, பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தும்போது உடைந்துபோக எதுவும் இல்லை. கட்டுமான இயந்திரத்தை விளக்க அதைவிடச் சிறந்த பொம்மை கிடைக்காது. பேணும் வேலையை அதைக் கொண்டு விளக்கவே முடியாது. ஆகவே அந்த நூலைச் சந்தேகம் வரும்போது புரட்டும் கையேடாக மதிக்கிறேன். தொடக்க நூலாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு நேர் எதிரே லூக்கா நுஸ்போம் தயாரித்த பொதியாக்கப் பயிற்சி நிற்கிறது. படவில்லைகளாக அமைந்த சுருக்கமான பாடம். டெபியனிலேயே ஒரு பொதியாக நிறுவிக்கொள்ளலாம். அதன் முதல் செய்முறைப் பயிற்சி, உலகமே பயன்படுத்தும் ‘கிரெப்’ பொதியின் மூலத்தை இறக்கி, அதில் ஒரு மாற்றம் செய்து, மீண்டும் கட்டுவது. புதிய பொதி கட்டும் பயிற்சி அதற்குப் பிறகுதான். சிறிய வரிசை மாற்றம்தான். ஆனால் கற்பவரின் மனத்தில் அது ஏற்படுத்தும் விளைவு பெரிது. ஏற்கெனவே வேறொருவர் எழுதிய சேஞ்ச்லாக்கை அவர் படிக்கிறார். அடுக்கி வைத்த திருத்தங்களைப் பார்க்கிறார். இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியவராகிறார். நான் பார்த்த தொடக்கப் பாடங்களில் என் அளவுகோலுக்கு மிக அருகில் வருவது இதுதான். மாற்றிய பொதியை என்ன செய்வது, திருத்தத்தை யாரிடம் கொண்டு போவது என்ற இடத்தில் அது சுருங்கிவிடுகிறது, அது குறைதான்.

மூன்றாவதாக டெபியன் கொள்கைக் கையேடு. தொடக்கநிலையாளரை அச்சுறுத்தும் என்று சொல்லி பலரும் அதைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். நான் உடன்பட மாட்டேன். முழுவதும் படிக்கத் தேவையில்லை, ஆனால் இரண்டு பகுதிகளை முதல் வாரமே படித்தாக வேண்டும். ஒன்று, நிறுவல் நிரல்கள் பற்றியது: பாதியில் நின்றுபோய் மறுபடி ஓட்டினாலும் அதே முடிவு வர வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே விளக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று, அமைப்புக் கோப்புகள் பற்றியது: நிர்வாகி தம் கையால் மாற்றிய அமைப்புக் கோப்பை, பொதி மேம்படும்போது அழிக்கக்கூடாது என்ற விதி. இந்த இரண்டாவது விதி எனக்கு எப்போதும் மதிப்பைத் தருவது. முகம் தெரியாத ஒருவர் ஒரு நள்ளிரவில் மாற்றி வைத்த ஒரு வரிக்கு, விநியோகம் முழுவதும் கட்டுப்பட வேண்டும் என்கிறது அது. பொதியாக்கம் என்பது யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதைக் கற்றுத்தர அந்த ஒரு விதியே போதும்.

பிற விநியோகங்களை அருகில் வைத்துப் பார்க்காமல் டெபியனை மட்டும் எடை போடுவது சரியாகாது.

ஆர்ச் லினக்ஸின் பிகேஜிபில்ட் கோப்பு, பொதியாக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகத் தெளிவான ஒரு பக்கம். மேலே சில மாறிகள்: பெயர், பதிப்பு, உரிமம், சார்புகள், மூலத்தின் முகவரி, அதன் சரிபார்ப்புத் தொகை. கீழே ஆயத்தம், கட்டுமானம், சோதனை, அடுக்குதல் என்று செயற்கூறுகள். ஷெல் தெரிந்த யாரும் படித்த உடனே, மூலநிரல் பொதியாக மாறும் கதை முழுவதும் விளங்கிவிடும். டெபியனில் அதே கதை பல கோப்புகளிலும், திரைக்குப் பின்னால் ஓடும் டெப்ஹெல்ப்பர் கட்டளைகளிலும் சிதறிக் கிடக்கிறது. விளக்கத் தெளிவில் ஆர்ச்தான் முந்துகிறது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கற்பவர் கட்டியதை வைக்கும் இடம் ஏயூஆர் என்ற பயனர் களஞ்சியம். அங்கே வெளியிடுவதற்கு முன் யாரும் படிப்பதில்லை. கைவிடப்பட்ட பொதியை வேறொருவர் எளிதில் எடுத்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில் அப்படி எடுக்கப்பட்ட அக்ரோரீட் பொதியில் தீநிரல் செருகப்பட்டது. 2025 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஜென் உலாவிகளுக்கான திருத்தங்கள் என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்த மூன்று பொதிகளில் தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றும் தீநிரல் இருந்தது. ஆர்ச் தன் பயனர்களிடம் ஏயூஆர் பொதிகளை நீங்களே படித்துவிட்டு நிறுவுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த நேர்மையைக் குறை சொல்ல முடியாது. என் புகார் வேறு. யாரும் படிக்காத இடத்தில் எழுதிப் பழகுபவருக்கு, தன் பிழை எது என்று சொல்ல ஆளில்லை. பிகேஜிபில்ட் படிக்கச் சிறந்தது. ஏயூஆர் பழகச் சிறந்த இடமாகாது.

ஃபெடோரா இந்த இடத்தில் மிகவும் நேர்த்தியானது. ஸ்பெக் கோப்பு ஒன்றை எழுதி, மாக் என்ற கருவியால் தூய சூழலில் கட்டிப் பார்த்து, பக்ஸில்லாவில் மதிப்பாய்வுக்கு வைக்க வேண்டும். மதிப்பாய்வு பொதுவெளியில் நடக்கிறது. யாரும் படித்துக் கற்கலாம். புதியவர் பொதியாளர் குழுவில் சேர ஒரு புரவலர் வேண்டும். அந்தப் புரவலரின் நம்பிக்கையைப் பெற, பிறருடைய பொதிகளை முறைசாரா வகையில் மதிப்பாய்வு செய்து காட்டுவது ஒரு வழி என்று ஃபெடோராவே சொல்கிறது. எழுதுவதற்கு முன் வாசிக்கக் கற்றுக்கொள் என்பதை ஒரு நிறுவன நடைமுறையாக்கியிருக்கிறார்கள். திருத்தங்களைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மூலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற வழிகாட்டுதலும் அங்கே அழுத்தமாக உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் நிகழ்வின் பாடம் அதுவே. அமைப்பு ஒழுங்கில் ஃபெடோரா, டெபியனைவிட மேல் என்றே சொல்வேன்.

அப்படியானால் டெபியனுக்காக ஏன் வாதாட வேண்டும்? முதலில் அதன் குறைகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே வேலைக்கு டெபில்ட், எஸ்பில்ட், பிபில்டர், கிட்-பில்ட்பேக்கேஜ், டிகிட் என்று கருவிகள் குவிந்து கிடக்கின்றன. எதை எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். புதிய பொதி களஞ்சியத்துக்குள் போக வேண்டுமானால், முதலில் வழுத் தடத்தில் ‘கட்ட எண்ணியிருக்கிறேன்’ என்று அறிவிக்க வேண்டும். கட்டி முடித்து மென்டர்ஸ் தளத்தில் ஏற்ற வேண்டும். பதிவேற்றும் உரிமையுள்ள ஒரு டெபியன் உருவாக்குநர் புரவலராக முன்வர வேண்டும். அதன் பிறகும் ‘நியூ’ என்ற வரிசையில் ஒரு சிறிய குழு பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே பெரிதும் பார்க்கப்படுவது காப்பிரைட் கோப்பு. மூலநிரலின் ஒவ்வொரு கோப்புக்கும் யார் உரிமையாளர், என்ன உரிமம் என்று எழுதும் அந்தக் கோப்புதான் புதியவரைக் களைப்படையச் செய்வது. இந்தக் காத்திருப்பு நாட்களில் முடியலாம், மாதங்களும் ஆகலாம். எவ்வளவு நாள் என்று யாரும் சொல்ல முடியாததே இதில் மிகக் கொடியது. ஆர்வத்தோடு வந்தவர்கள் பதிலே வராமல் திரும்பிப் போகும் வாசல் அது. டெபியன் தன்னார்வலர்களின் திட்டம், அவர்களுக்கும் நேரம் இல்லை என்ற விளக்கம் உண்மைதான். ஆனாலும் தொடக்கநிலையாளர் கொடுக்கும் விலை குறையப்போவதில்லை.

இந்தக் குறைகளில் பெரும்பகுதி, கவனித்துப் பார்த்தால், புதுப் பொதி என்ற ஒரே வாசலில் குவிந்திருக்கிறது. நியூ வரிசை பெரும்பாலும் புதுப் பெயர்களுக்கானது. காப்பிரைட் கோப்பைத் தொடக்கத்திலிருந்து எழுதும் சுமை புதுப் பொதிக்குரியது. புரவலர் தேடி அலைவதும், தன் பொதியைப் பற்றி அக்கறைப்படும் வேறு யாரும் அங்கே இல்லாத புதியவருக்குத்தான் கடினம். ஏற்கெனவே இருக்கும் பொதியில் ஒரு வழுவைத் திருத்த வருபவர் இந்த மூன்றையும் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடலாம். ‘ஆப்ட் சோர்ஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் மூலம் வந்துவிடும். ‘ஆப்ட் பில்ட்-டெப்’ கட்டுமானத் தேவைகளை நிறுவிவிடும். திருத்திக் கட்டி, எஸ்பில்ட் மூலம் தூய சூழலில் மீண்டும் கட்டி, லின்டியன் சொல்லும் குறைகளைப் பார்த்து, திருத்தத்தை வழு அறிக்கையோடு இணைத்தாலோ, சால்சா தளத்தில் இணைப்புக் கோரிக்கையாக வைத்தாலோ போதும். அதைப் படிக்க வேண்டியவர் யார் என்பதும் தெரிந்திருக்கிறது: பொதியின் பராமரிப்பாளர். தன் கணினியில் உள்ள எந்தப் பொதிகளுக்கு உதவி தேவை என்று காட்டும் ‘ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்’ என்ற சிறு கருவியும் டெபியனில் உண்டு. டெபியனின் செல்வம் அதன் வாசலில் இல்லை. 1993-இலிருந்து சேர்ந்து வந்த சேஞ்ச்லாக்குகளிலும், யாரும் படிக்கலாம் என்று திறந்து கிடக்கும் வழு உரையாடல்களிலும் இருக்கிறது. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது, யார் மறுத்தார், பிறகு எப்படி மாறியது என்பதை இத்தனை ஆழமாகப் படித்தறியக்கூடிய விநியோகம் வேறொன்று எனக்குத் தெரியாது. படிக்கப் பழகுவதுதான் முதல் பாடம் என்றால், படிக்க அதிகம் உள்ள இடமே சிறந்த பள்ளி.

இந்த வாதத்துக்கு எதிராக வரக்கூடிய மூன்று கேள்விகளில் ஒன்று மிகக் கடுமையானது. பிறர் பொதிக்குத் திருத்தம் அனுப்பி நம்பிக்கை பெறுவது என்ற இதே வழியில்தான் எக்ஸ்இசட் தாக்குதலாளியும் உள்ளே வந்தார். ஜியா டான் என்ற பெயரில், களைத்துப்போன ஒரு பராமரிப்பாளருக்கு உதவ வந்தவராகத் தோன்றி, ஆண்டுக்கணக்கில் திருத்தங்கள் அனுப்பி, பின்னர் வெளியிடும் உரிமையையே பெற்றார். அப்படியானால் நான் பரிந்துரைப்பது ஆபத்தான பாதையா? நிகழ்வின் விவரங்களை மறுபடி பார்த்தால் விடை கிடைக்கிறது. தீங்கு, வரி வரியாகப் படிக்கக்கூடிய திருத்தமாக வரவில்லை. சோதனைக் கோப்புகள் என்று சொல்லி வைத்த இருமக் கோப்புகளிலும், யாரும் ஒப்பிட்டுப் பார்க்காத டார் கோப்பிலும் ஒளிந்து வந்தது. பத்து வரித் திருத்தம் ஒன்றை ஒருவர் முழுவதும் படித்துவிடலாம். ஆயிரக்கணக்கான வரிகளோடு வரும் புதுப் பொதியை அப்படிப் படிக்க முடியாது. சிறு திருத்தங்களில் தொடங்குவதே தணிக்கைக்கு உகந்த வழி. டார் கோப்பையும் கிட் களஞ்சியத்தையும் ஒப்பிடும் வழக்கமும், ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒரே பொதி வர வேண்டும் என்று 2013 முதல் டெபியனில் நடந்து வரும் மீளுருவாக்க முயற்சியும் அதோடு சேர வேண்டும்.

இரண்டாவது கேள்வி ஊக்கத்தைப் பற்றியது. தான் விரும்பும் மென்பொருள் களஞ்சியத்தில் இல்லை என்ற ஏக்கம்தான் பலரைப் பொதியாக்கத்துக்குக் கொண்டு வருகிறது. பழைய பொதியில் ஒரு சிறு வழுவைத் திருத்து என்றால் அவர் ஏன் வருவார்? இதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் நடந்த பொதியாக்கப் பட்டறைகள் பலவற்றில் சிறிய நோட் தொகுதிகளும் ரூபி ஜெம்களும் பயிற்சிப் பொருளாயின. கிட்லேப் போன்ற பெரிய செயலியை டெபியனுக்குள் கொண்டுவர அவை தேவைப்பட்டன. ஒரு பெரிய இலக்கின் துண்டைத் தன் கையால் முடித்த நிறைவு மாணவர்களுக்குக் கிடைத்தது. அந்த வகையில் டெப்ஹலோவைவிட அது பல மடங்கு மேல். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃபும், செப்டம்பரில் கொச்சியில் டெப்கான்ஃபும் நடக்கும் அளவுக்கு இங்கே ஆர்வம் வளர்ந்ததில் அப்படிப்பட்ட உழைப்புக்கும் பங்குண்டு. ஆனால் கற்பவர் தாமே ஒருபோதும் பயன்படுத்தாத நூலகம் என்றால், பட்டறை முடிந்ததும் அதை நினைவில் வைத்திருக்க அவருக்குக் காரணம் இல்லை. சுமை குழுவின் சிலர் தோளில் விழுகிறது. ஊக்கம் வேண்டும் என்ற வாதத்தை ஏற்கிறேன். அந்த ஊக்கத்தைத் தினமும் பயன்படுத்தும் பொதியின் மேல் செலுத்த வேண்டும் என்பதே என் பதில்.

மூன்றாவது, பிளாட்பாக், ஸ்னாப், கன்டெய்னர்கள் வந்த பிறகு விநியோகப் பொதிகளே எதற்கு என்பது. மேசைச் செயலிகள் சிலவற்றுக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் பிளாட்பாக்கைத் தாங்கும் நூலகங்களும், கன்டெய்னருக்குள் அடித்தளமாக இருக்கும் டெபியனும் யாரோ கட்டிய பொதிகளே. இதற்கு மேல் இங்கே நின்று வாதாடத் தேவையில்லை.

என் பாதையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பலவீனம் ஒன்று உண்டு. டெபியனில் ஒரு பொதியின் மேல் அதன் பராமரிப்பாளருக்கு உள்ள அதிகாரம் அதிகம். அவர் பதில் சொல்லாவிட்டால் திருத்தம் ஆண்டுக்கணக்கில் தூங்கும். பராமரிப்பாளர் அல்லாதவர் பதிவேற்றுவதற்கு விதிமுறை இருக்கிறது. ஆனால் அதற்கும் உரிமையுள்ள ஒருவர் துணை வேண்டும். அதனால் தனி ஒருவர் கையில் இருக்கும் பொதியைவிட, பெர்ல், பைதான் குழுக்களைப் போல் பலர் சேர்ந்து பேணும் பொதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. அங்கே ஒருவர் ஓய்ந்தாலும் இன்னொருவர் படிப்பார்.

ஆகவே தீர்ப்பு இது. முதல் வேலையாகப் புதுப் பொதி கட்டச் சொல்லும் பாடமுறை தவறானது. அது கற்பவரை மிக நீண்ட வரிசையில், மிகக் குறைந்த துணையோடு நிறுத்துகிறது, பேணுவதைக் கற்றுத் தருவதும் இல்லை. கட்டுமானத்தின் கதையைப் புரிந்துகொள்ள ஆர்ச்சின் பிகேஜிபில்ட்கள் சிலவற்றைப் படிக்க வேண்டும். மதிப்பாய்வு எப்படி நடக்க வேண்டும் என்று பார்க்க ஃபெடோராவின் மதிப்பாய்வுகளைப் படிக்க வேண்டும். கை வைத்து உழைக்கும் இடம் டெபியனாக இருக்கலாம். நுஸ்போமின் முதல் பயிற்சியோடு தொடங்கி, கொள்கைக் கையேட்டின் அந்த இரு பகுதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் பயன்படுத்தும் ஒரு பொதியின் ஒரு வழுவைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை முடிந்தவரை மூலத் திட்டத்துக்கும் அனுப்ப வேண்டும். புதுப் பொதிக்கு அதன் பிறகு நேரம் இருக்கிறது.

இந்தத் தீர்ப்புக்கு விலக்கு பெறக்கூடியவர்கள், தாமே எழுதிய மென்பொருளைப் பொதியாக்க வருபவர்கள். மூலத் திட்டமும் பொதியும் ஒரே கையில் இருப்பதால் அவர்கள் நிலை வேறு. தமிழ் எழுத்துருவோ விசைப்பலகையோ செய்தவர் பலருக்கும் இது பொருந்தும். மற்ற தமிழ்ப் பயனர்களுக்கு வேலை ஏற்கெனவே களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கிறது. டெபியனில் லோஹித் தமிழ் எழுத்துருவுக்குத் தனிப் பொதி உண்டு. எம்17என்-டிபி என்ற பொதிக்குள் தமிழ்99 விசைப்பலகையின் வரையறை, எளிய உரைக்கோப்பாக இருக்கிறது. நிரலெழுதிப் பழகாதவரும் திறந்து வாசிக்கலாம். தமிழ் தெரியாத பராமரிப்பாளர் ஒருவரால் அந்தக் கோப்பில் ஒரு பிழை இருந்தாலும் கண்டுகொள்ள முடியாது. 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த விசை அமைப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அந்தக் கோப்பை மறுபக்கம் திறந்து, விசை விசையாகத் தட்டிப் பார்ப்பதில் தொடங்கலாம். பிழை எதுவும் கிடைக்கவில்லை என்றாலும், ஒரு பொதியின் மூலத்தை இறக்கி, படித்து, கட்டிப் பார்த்த அனுபவம் அதற்குள் வந்திருக்கும்.